துரைமுள் பழுத்த மார்கழிகள்

லோகண்டம் எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் லயத்தில் பத்து வீடுகளுக்கும் ஒரே காலையில் பின்சுவரில் கதவு வந்திருந்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் முதலில் செய்த காரியம் கம்பெனியைத் திட்டியதுதான். எத்தனையோ வருஷமாக மனுக்கொடுத்தும் கிடைக்காத பின்கதவை, இப்படிக் கிறிஸ்துமஸ் அதுவுமாக ஆள் தூங்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, நாளைக்கு இதையும் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான், அந்த லயம் மலையை வெட்டி மண்மேட்டோடு ஒட்டிக் கட்டியது என்பதும், பின்சுவருக்கு அப்பால் எலி நுழையக்கூட இடம் கிடையாது, மண்ணும் பாறையும்தான் என்பதும் ஒவ்வொருவருக்காக நினைவுக்கு வந்தது. அப்படியும் யாரும் ஓடவில்லை. உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கி எட்டு நாளாக எஸ்டேட்டில் வேலை இல்லாத நேரம். வேலை இல்லாதவன் ஓடி எங்கே போவான்?

கதவுகள் வந்ததற்குக் காரணம் அருளாயியின் கை என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அருளாயி எஸ்டேட் நர்சரியின் கங்காணி, அந்த மலையில் கங்காணியான முதல் பெண். தேயிலைக் குச்சியை ஒரு கணு, ஒரு இலை என்று நறுக்கிப் பாலித்தீன் பையில் ஊன்றி வேர்பிடிக்க வைப்பது அவள் வேலை. நூறு ஊன்றினால் தொண்ணூற்றெட்டு பிடிக்கும். பெரிய ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் அதிசயப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கையை மட்டும் எடுப்பார்கள், முகத்தை எடுக்க மாட்டார்கள்.

பழைய துரை பங்களா வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு செடிகள் நின்றன. ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நட்டவை. ஹாலி என்று அவள் அதைச் சொன்னாள். தொழிலாளிகள் துரைமுள் என்றார்கள். கீழ்க்கிளைகளில் இலையைச் சுற்றி ஊசி ஊசியாக முள்ளும், ஆடுமாடு எட்டாத உயரத்தில் அதே செடியின் இலை முள்ளே இல்லாமல் வழுவழுப்பாகவும் இருக்கும். கடிபட்ட இடத்தில் மட்டும் முள் வளர்க்கத் தெரிந்த செடி என்று யூனியன் செக்ரெட்டரி கபிரியேல் அதைக் கூட்டங்களில் காட்டிப் பேசுவான், நமக்குக் கடிபடத் தெரிந்த அளவுக்கு முள் வளர்க்கத் தெரியவில்லையே என்று முடிப்பான். இடப்பக்கச் செடி ஒவ்வொரு மார்கழியிலும் இலைக்கு இலை ரத்தச் சிவப்பாகப் பழம் கட்டும். வலப்பக்கச் செடி பங்குனியில் வெள்ளையாகப் பூக்கும், உதிர்க்கும், அவ்வளவுதான். எண்பது வருஷத்தில் ஒரு பழம் காட்டியதில்லை.

துரைசாணியின் நாட்டில் பனிக்காலத்தில் மரமெல்லாம் செத்ததுபோல நிற்குமாம், இது ஒன்றுதான் பச்சையும் சிவப்புமாக உயிரோடு இருக்குமாம். அதனால் கிறிஸ்துமஸுக்கு அதை ஒடித்து வாசல்நிலையில் கட்டி, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் வீட்டுக்குள் உயிரைப் பிடித்து வைப்பார்களாம். தொழிலாளி அதில் ஒரு இலையைத் தொட்டால் அன்றைக்குப் பாதிநாள் கூலி போய்விடும். வெள்ளைக்காரர்கள் போய் அறுபது வருஷம் ஆன பிறகும், அந்த வாசலைக் கடக்கும்போது ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கடந்தார்கள்.

அந்த வருஷம் மாதா கோயில் ஜோடனைக்கு ஒரு பூவைக்கூடப் பனி மிச்சம் வைக்கவில்லை. இருபத்து நாலாம் தேதி மதியம் அருளாயி கவ்வாத்துக் கத்தியோடு போய்த் துரைமுள்ளை வெட்டினாள்.

"லட்சம் தேயிலைக்குக் கத்தி பிடிச்ச கை, இதத் தொட மட்டும் பின்னாலயே போகுது பாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம்.

"முன்னால கொண்டாந்து வெட்டு. எங்க வீட்டுக்கும் ஒரு கொத்து குடு. எங்க மாரியாத்தாளுக்கு முள்ளு ஆகாதுன்னு யாரும் சொல்லல."

கோயிலுக்குப் போக மிஞ்சியது பத்துக் கொத்து. பத்து வாசலிலும் கட்டினாள். அவள் கட்டக் கட்டப் பின்சுவர்களில் சுண்ணாம்பு பச்சைமண் போல ஈரமாகி இளகியதைச் சிலர் பார்த்தார்கள், பனிக்காலத்தில் சுவர் வேர்ப்பது சகஜம் என்று விட்டுவிட்டார்கள். விடிந்தபோது கதவு.

கதவைத் திறந்தால் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, தகரக்கூரை, மூலையில் அடுப்பு, எதிர்ச்சுவரில் வெளியே போகும் கதவு ஒன்று. இன்னொரு லயத்து அறை. அவரவர் விட்டுவிட்டு வந்த அறை. ஏனென்றால் லோகண்டத்தில் பாதிக்கு மேல் அக்கரையிலிருந்து வந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று மந்தையைப் பிரிப்பதுபோலப் பிரித்துக் கையெழுத்துப் போட்டபோது, இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிக் கப்பலேற்றி இந்த மலையில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். எந்தத் தேசத்துக்காக உழைத்தோமோ அது எங்களை வேண்டாம் என்றது, எந்தத் தேசத்தைப் பார்த்ததேயில்லையோ அது எங்களை எண்ணி வாங்கிக்கொண்டது என்பார்கள் பெரியவர்கள். அப்படிப் பிரித்தபோது வீட்டுக்கு வீடு கோடு விழுந்தது. அண்ணன் பெயர் ஒரு பட்டியலில், தம்பி பெயர் இன்னொன்றில்.

அருளாயியின் பெயர் அவள் அப்பாவின் பெயரோடு இந்தியப் பட்டியலில் இருந்தது. அவளைக் கட்டிய சூசையின் பெயர் இலங்கைப் பட்டியலில் இருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம். "எழுதிப்போட்டிருக்கேன், மாத்திக் குடுப்பாங்க. அடுத்த கப்பல்ல வந்துர்றேன், நீ முன்னால போ" என்று ஸ்டேஷனில் சொன்னான். பதினோரு கடிதம் வந்தது. பிறகு அந்த நாட்டில் கலவரம் வந்தது, தோட்டங்கள் எரிந்ததாகச் செய்தி வந்தது, கடிதம் வரவில்லை. அவள் எழுதியதெல்லாம் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. முப்பத்து நாலு வருஷமாக அவளிடம் யாராவது புருஷன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "வந்துக்கிட்டு இருக்காரு" என்பாள்.

கிறிஸ்துமஸ் காலையில் அவள் பின்கதவைத் திறந்தபோது அறையில் யாரும் இல்லை. ஆனால் அடுப்புக் கல் சுட்டது. கயிற்றில் ஈரச் சட்டை ஒன்று தொங்கி, முழங்கையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் பாதி கடித்த ரொட்டி. விறகு அன்றைக்குப் பிளந்த வாசனையோடு அடுக்கியிருந்தது, சூசை அடுக்குவதுபோலவே தடித்தது மேலே, மெல்லியது கீழே என்று தலைகீழாக. சுவரில் நாட்காட்டி, தேதித் தாள் அன்றைய தேதி வரைக்கும் சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது, வருஷம் அச்சிட்ட இடத்தில் அடுப்புக்கரி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அவள் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கரிதான் வந்தது. வெளிக்கதவை இழுத்தாள். வெளியிலிருந்து பூட்டியிருந்தது; கதவின் அடியில் மூடுபனி மட்டும் கொஞ்சம் உள்ளே வந்தது. ஆள் இப்போதுதான் வேலைக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். எவ்வளவு விடியற்காலையில் போய் நின்றாலும், ஆள் இப்போதுதான் போயிருக்கும்.

அவள் அந்த ஈரச் சட்டையை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். ஒரு டம்ளர் தேத்தண்ணி ஊற்றி அடுப்போரம் மூடிவைத்துவிட்டு வந்தாள். மறுநாள் டம்ளர் காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பதின்மூன்று நாளும் ஏழாம் நம்பர் லயம் என்னென்ன செய்தது என்று சொன்னால் அதிசயத்துக்கு மரியாதை இல்லை என்று நினைப்பீர்கள். இடம் இல்லாதவனுக்கு இடம் கிடைத்தால் என்ன செய்வானோ அதைத்தான் செய்தார்கள். ஈர விறகைக் கொண்டுபோய்க் காயவைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடியை அங்கே படுக்கச் சொன்னார்கள், அந்தப் பெண் "யாரோட வீடோ, கூச்சமா இருக்கு" என்று திரும்பி வந்துவிட்டாள். கோழிகள் உள்ளே போய் முட்டையிட்டன, முட்டையை எடுக்கலாமா, அது எந்த நாட்டுச் சொத்து என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. மாதா கோயில் சாமியார் வந்து எட்டிப் பார்த்து, "பூசை நேரத்துல மட்டும் கதவைச் சாத்தி வைங்க" என்றார். டவுனிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தவர், வெளிநாடு போக மேலதிகாரியின் முன்அனுமதி வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்து, காலை இழுத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று அறிக்கை எழுதினார். மேனேஜர் டேப்பு வைத்து அளந்துகொண்டு போய், தொழிலாளர் குடும்பங்களுக்கு இரண்டாவது அறை வழங்கப்பட்டுவிட்டது என்று ஆண்டறிக்கையில் போட்டார். கபிரியேல் கொதித்துப்போய் நோட்டீஸ் அடித்தான். தோழர்களே, நாம் கேட்டது சிமெண்டில் அறை, முள்செடி கொடுத்த அறையைக் காட்டி நிர்வாகம் தப்பிக்கப் பார்க்கிறது, அது அறையே அல்ல, அது நம் காயம் என்று அதில் எழுதியிருந்தது. அதை எழுதியவனும் அக்கரையில் நின்றுபோன தன் அம்மாவைத் தேடிப் பக்கத்து லயத்திலிருந்து வந்து, ஏழாம் லயத்துக் கதவுகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று கொத்துகளிலிருந்து கடைசிப் பழமும் விழுந்தது. விழுந்த நிமிஷத்தில் கதவு சுவரானது. அந்தப் பழத்தை எடுத்து நசுக்கிப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. சதையும் இல்லை, விதையும் இல்லை, ஊதினால் பறக்கிற தோல். கதவு திறந்திருந்த அத்தனை நாளும் பழம் தன்னையே தின்று அதைத் திறந்து வைத்திருக்கிறது.

மறுவருஷம் செடி இருபது கொத்து கொடுத்தது. எட்டாம் லயத்துக்கும் கதவு வந்தது. அந்த வருஷம் இன்னொன்றும் தெரிந்தது. ஏழாம் லயத்தில் சடையன் ரிட்டயர் ஆகி, எஸ்டேட் சட்டப்படி வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு சமவெளிக்குப் போயிருந்தார். அவர் இருந்த வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம் கதவைத் திறந்தபோது, அங்கே இருந்தது சடையனின் அம்மாவுடைய அடுப்பு. சுவர் முதன்முதலில் யாருடைய அறையைப் பிடித்துக்கொண்டதோ அதை விடவில்லை. சடையன் ஒரு கொத்தை பஸ்ஸில் வரவழைத்துத் தன் வாடகை வீட்டில் கட்டிப் பார்த்தார், சுவர் சுவராகவே நின்றது. அதன் பிறகு தினமும் ஃபோன் செய்து, "இன்னிக்கு அம்மா என்ன சமைச்சிருக்கு?" என்று கேட்பார். அந்த வீட்டுப் பெண் அடுப்பருகே போய் மூடியைத் திறந்து பார்த்து, "முருங்கைக்கீரைங்க" என்பாள். 

அருளாயி விரலை மடக்கிப் பார்த்தாள். தன் ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் மூன்று மார்கழி.

மற்ற இருபத்தெட்டு லயங்களும் சும்மா இருக்குமா? பெண்கள் நர்சரிக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருளாயி அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, தலைவி போலப் பேசினாள். "ஒரு செடிய நம்பி எதுக்கு அடிச்சுக்கிறீங்க? இந்தக் கை இருக்கு. வீட்டுக்கு ஒரு செடி தர்றேன். முன்னூறு வீடு, முன்னூறு செடி." அந்தத் தை மாதத்திலேயே பழம் தரும் செடியிலிருந்து முன்னூறு குச்சி நறுக்கினாள், ஒரு கணு, ஒரு இலை, சாய்வாக ஒரே வெட்டு. நல்ல செடியிலிருந்து குச்சி எடு, நல்ல செடியே வரும் என்பது நாலு தலைமுறையாக அந்த ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே விவசாயம். தேயிலையில் அவர்கள் பூவைப் பார்த்ததில்லை, பழத்தைக் கேட்டதில்லை. இலையை மட்டும் கிள்ளிக் கிள்ளி வாழ்ந்தவர்கள்.

நாற்றுக்குப் பாத்தி வேண்டும், வெயில் வேண்டும். நர்சரி இருந்த பங்களா வாசல் பக்கம், வலப்பக்கத்துச் செடி இடத்தையும் வெயிலையும் மறித்துக்கொண்டு நின்றது.

"எண்பது வருஷமா எரு தின்னுட்டு ஒரு பழம் குடுக்காத செடி" என்றாள் அருளாயி. "விளைச்சல் இல்லாத தேயிலைய என்ன செய்வோம்?"

"பிடுங்குவோம்" என்றார்கள் பெண்கள்.

வேரோடு தோண்டி, வெட்டி, காயவைத்து எரித்தார்கள். நன்றாக எரிந்தது. கபிரியேல் மட்டும், "அக்கா, விளைச்சல் இல்லன்னு பிடுங்கறது கம்பெனிக்காரன் பேச்சு மாதிரி இருக்கே" என்று சிரித்தான்.

"நீ நோட்டீஸ் அடி. நடுறது பிடுங்கறது எனக்குத் தெரியும்."

பங்குனியில் பழச்செடி வழக்கம்போலப் பூத்தது. மார்கழியில் பழம் இல்லை. ஒன்றுகூட இல்லை. இலையை விலக்கி விலக்கிப் பார்த்துக் கையெல்லாம் முள் கீறி, அந்தக் கீறலின் சிவப்புதான் அந்த வருஷம் அந்தச் செடியில் தெரிந்த சிவப்பு. இருபது வீட்டிலும் சுவர் சுவராகவே நின்றது. எருவைக் குறை சொன்னார்கள், பனியைச் சொன்னார்கள், கோழிமுட்டை தின்ற பாவம் என்றார்கள்.

கொழுந்து லாரி ஓட்ட வந்த ஐசக்கு, திசையன்விளைப் பக்கத்துக்காரன், லாரியை நிறுத்திவிட்டுக் கதை முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு எரிந்த குழியைப் பார்த்தான்.

"யக்கா, ரெண்டு செடி நின்னுச்சு. ஒண்ணு காய்க்கும், ஒண்ணு பூத்து மட்டும் உதிரும். காய்க்காதத நீங்க பிடுங்கிட்டிய."

"ஆமா. அது எதுக்கும் ஆகாதது."

"எங்கூருல பச்சப்புள்ளயக் கேட்டாலும் சொல்லும், பனையில ஆண்பன உண்டு, பெண்பன உண்டு. ஆண்பனை எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு நுங்கு எங்கன்னு கேட்டா எப்பிடி?"

அருளாயி அவனையே பார்த்தாள். "இந்த முன்னூறு குச்சி?"

"எதுல வெட்டினிய?"

"காய்ச்சதுல."

"அப்பம் முன்னூறும் பொண்ணுதான். நல்லா வளரும். பூக்கும். காத்துக்கிட்டு நிக்கும்." அவன் சிரிக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

யாரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் சேர்ந்துதான் தோண்டினோம் என்றார்கள். அவள் வேறு ஆண்செடிக்கு ஆள் விட்டுப் பார்த்தாள். மலையில் இருந்த மற்றப் பங்களாக்களெல்லாம் ஹோட்டலாகி, முள் குத்துகிறது என்று விருந்தாளிகள் சொன்னதால் துரைமுள்ளையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். முன்னூறு செடிகளையும் அவள் கைவிடவில்லை. லயத்துக்கு லயம், வாசலுக்கு வாசல் நட்டாள். அவை வளர்ந்தன, ஆடு கடித்த உயரம் வரைக்கும் முள், அதற்கு மேல் வழுவழுப்பு. அடுத்த மார்கழியும் வெறுமையாகவே போனது. பதின்மூன்று நாளும் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு படுத்தாள். சுவர் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் டம்ளர் ஒன்று அடுப்போரம் கவிழ்ந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு பங்குனியில் முன்னூறு செடிகளும் ஒன்றாகப் பூத்தன. லோகண்டத்து லயங்களில் அப்படி ஒரு வெள்ளையை யாரும் பார்த்ததில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்கள் அந்தப் பூக்களுக்கு நடுவே பேசாமல் நடந்தார்கள், கல்யாணத்துக்கு அலங்கரித்து உட்காரவைத்து, மாப்பிள்ளை வரவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராத வீட்டைக் கடந்துபோவதைப் போல. பூ உதிர்ந்தது. எல்லோரும் மறந்தார்கள்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள், பொன்னுத்தாயி தன் வாசலில் கோலத்துக்கு நடுவே வைக்கப் பூசணிப்பூவை எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே கீழே போட்டுவிட்டு, "அருளாயி!" என்று கத்தினாள். அருளாயியின் வாசல் செடியில், கழுத்தளவு உயரத்தில், இலைக்கடியில் ஒரே ஒரு பழம். ரத்தச் சிவப்பு.

முன்னூறு செடியிலும் பங்களா வாசல் தாய்ச்செடியிலும் தேடினார்கள். அது ஒன்றுதான். எங்கிருந்து வந்தது அதற்கான மகரந்தம்? சுற்றிப் பன்னிரண்டு மைலுக்கு ஆண்செடி கிடையாது. தேனீ அவ்வளவு தூரம் பறக்காது என்றான் ஐசக்கு. கடல் தாண்டி வந்திருக்கும் என்றாள் பொன்னுத்தாயி, ஆளைத்தான் கடலில் நிறுத்துவார்கள், தேனீயிடம் யார் பட்டியல் கேட்டார்கள் என்றாள். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. ஒரு பழம் என்றால் ஒரு கதவு. யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் பொதுக்கூட்டம். முன்னூறு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். கபிரியேல் டீப்பெட்டி மேல் ஏறி நின்றான்.

"திருவுளச்சீட்டு போடலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. வேற?"

அருளாயி எழுந்தாள். "விதையாப் போட்டா?"

எல்லோரும் ஐசக்கைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "முளைக்கவே ரெண்டு வருசம் ஆகும்பாவ. பூக்க அஞ்சோ ஆறோ. ஒரு பழத்துல நாலு விதை இருக்கும். எது ஆணு, எது பொண்ணுன்னு பூத்தாத்தான் தெரியும். ஒண்ணாவது ஆணா இருந்தா, இந்த முன்னூறும் காய்க்கும்."

"எட்டு வருஷமா? அதுக்குள்ள கம்பெனி இருக்குமான்னே தெரியல" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"கதவுக்குக் கட்டிட்டு அப்புறமா விதை போடுறது?"

"கட்டின பழத்துல விதை ஏது? தோல்தானே மிஞ்சுது."

பொன்னுத்தாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "எதுக்கு இத்தன பேச்சு? பங்குனியில அவ ரிட்டயர் ஆயி வீட்டக் காலிபண்ணணும். அதுக்கப்புறம் அந்தச் சுவரு வேற யாருக்கோ. இதுதான் அவளுக்குக் கடைசி மார்கழி. பழம் அவ வாசல்ல காய்ச்சது. அவ புருஷனப் பாக்கட்டும். எதிர்க்கிறவங்க கைய தூக்குங்க, நான் பாக்குறேன்."

யாரும் தூக்கவில்லை. ஆதரிப்பவர்கள் என்றான் கபிரியேல். களம் முழுக்கக் கை எழுந்தது. தங்களுக்கு என்றைக்கும் கதவு வராத லயத்துக்காரர்களும், தங்கள் அறையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் தூக்கினார்கள். அருளாயியின் கை மட்டும் மடியில் இருந்தது. கபிரியேல் மினிட் புத்தகத்தில், தீர்மானம் நிறைவேறியது, ஒருவர் நடுநிலை என்று எழுதினான்.

இருபத்து நாலாம் தேதி மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. அருளாயி தலைகுளித்து, சேலை மாற்றி, அந்த ஒற்றைப் பழத்தோடு கிளையை வெட்டி வாசல்நிலையில் கட்டினாள். எல்லா லயத்து ஜனங்களும் முற்றத்தில் நின்றார்கள். அவள் உள்ளே போனதும், பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் அவள் வீட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே அவள் பின்சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பு வேர்க்கத் தொடங்கியது. சுவர் இளகியது. விடிந்தால் கதவு.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. முதல் இரண்டு வருஷமும் கேட்காத சத்தம். விறகு போடும் சத்தம். பிறகு ஊதுகுழலால் ஊதும் சத்தம், விட்டு விட்டு, நடுவில் இருமல். அது சூசையின் இருமல். இருபத்தைந்து வயதின் இருமலா அறுபது வயதின் இருமலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆள் வீட்டில் இருக்கிறது. இந்தத் தடவை வேலைக்குப் போகவில்லை. அவள் கையைச் சுவரில் வைத்தாள். பிசைந்த மாவில் பதிவதுபோல விரல்கள் பதிந்தன.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. முற்றத்தில் முதுகைத் திருப்பி நின்ற முன்னூறு வீட்டு ஜனமும் பனியில் நனைந்துகொண்டே நின்றது. யாரோ ஒரு குழந்தை, "நம்ம வீட்டுக்கு எப்ப வரும்?" என்று கேட்டதும், "சும்மா இரு" என்று யாரோ அதட்டியதும் அவளுக்குக் கேட்டது.

அருளாயி எழுந்தாள். வாசலுக்குப் போய்க் கிளையை அவிழ்த்தாள். பழம் கனமாகத்தான் இருந்தது, இன்னும் ஒன்றும் குறையவில்லை. கட்டைவிரல் நகத்தால் பிளந்தாள். மஞ்சள் சதைக்குள் நாலு விதை, கோதுமை போலச் சின்னதாக, வரிவரியாக. நர்சரியிலிருந்து கொண்டுவந்து அலமாரிக்கு அடியில் வைத்திருந்த நாலு பைகளை எடுத்து, விரலால் குழி குத்தி, ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்து மூடினாள். பொன்னுத்தாயி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, என்னடி பண்ணிட்ட?"

"இத நர்சரியில நெழல்ல வையி. ரெண்டு வருஷம் முளைக்கலன்னா தூக்கிப் போட்டுறாத. தண்ணிய மட்டும் நிறுத்தாத."

பொன்னுத்தாயி பைகளை வாங்கிக்கொண்டாள். முற்றத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பினார்கள். 

அருளாயி உள்ளே போனாள். சுவர் இறுகத் தொடங்கியிருந்தது. விரல் பதிந்த இடம் அப்படியே நின்றுவிட்டது. ஊதுகுழல் சத்தம் தூரத்தில் கேட்டது. சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். வாயைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இந்தாங்க. நான் இந்த வீட்ட விட்டுப் போறேன். கொஞ்ச வருஷம் கழிச்சு இந்தக் கதவ வேற யாராவது திறப்பாங்க. யாரு நீன்னு கேட்டு மிரட்டாதீங்க. நம்ம ஆளுங்கதான்."

ஊதுகுழல் நின்றது. சுவர் முழுதாக இறுகுவதற்குள், அந்தப் பக்கத்தில் ஒரு பலகை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது, வரப்போகிறவர்கள் உட்கார யாரோ இடம் போடுவதைப் போல.